சிலுப்பாத கிடாய்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், கம்பளிக் கோட்டும் காது மூடிய குல்லாயுமாக ஒருவர் நடுங்கிக்கொண்டே நடந்து வந்தால், எதிரே வருகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். அவர் யார், என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிக்கத் தேவையில்லை. நடுங்குகிறார், அது போதும். பல் கிடுகிடுக்கிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டால் இன்னும் பெரிய இடம்.

இந்த மரியாதையை ஊருக்குள் கொண்டுவந்தவரே அர்த்தநாரிதான். அதனால் மேற்கு மாவட்டங்களில் அவரைவிட ஒழுங்காக நடுங்குகிறவர் யாரும் இல்லை. பல் துலக்கத் தண்ணீரைத் தொட்டாலே தோள் இரண்டும் கழன்று விழுகிறாற்போல் உதறும். அறுபதை நெருங்கியும் அவருக்கு வயிறு என்று ஒன்று இருந்த அடையாளமே கிடையாது. கல்யாண வீட்டில் நெய்யும் பாயசமுமாக வளைத்துக் கட்டிவிட்டு, வரும் வழியில் கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைப்பார். வீடு வந்து சேருவதற்குள் தின்றதை எல்லாம் நடுங்கியே எரித்திருப்பார்.

சங்கதி ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உடம்பில் குளிர் பட்டால், கழுத்திலுள்ள சுரப்பி ஒரு சேதியை அனுப்பும்: ‘சூடு வேண்டும், கொழுப்பை எடுத்து எரி.’ அந்தச் சேதியைக் கேட்டு நடக்கத் தசையிலும் கொழுப்பிலும் வாங்கிகள் உண்டு. அந்த வாங்கிகளை உண்டாக்கும் மரபணு ஆட்டுக்கும் ஒன்றுதான், ஆணையருக்கும் ஒன்றுதான். அர்த்தநாரியின் ‘வளர்மரபு’ நிறுவனம் அந்த மரபணுவில் ஒரு திருகைப் பொருத்தியது. மரபுத்திருகு என்று அதற்குப் பெயர். இடப்பக்கம் திருகினால் வாங்கிகள் செவிடாகிவிடும். குளிர் தெரியாது, நடுக்கம் வராது, கொழுப்பு எரியாது. மிச்சமான தெம்பை எல்லாம் வளர்ச்சிச் சுரப்பு வாரிக்கொண்டு உடம்பாக்கும். அது ஆட்டுக்கு. வலப்பக்கம் திருகினால் வாங்கிகளுக்குப் பாம்புக் காது வந்துவிடும். இலை அசைந்தால் நடுக்கம். நடுக்கம் வந்தால் கொழுப்பு காலி. அது பெரிய மனிதர்களுக்கு. ஒரே மருந்து, ஒரே குப்பி, இரண்டு விதமான அட்டைப்பெட்டி. ஆட்டுப்பெட்டியில் ஆடு சிரிக்கும். ஆள்பெட்டியில் ஆள் சிரிப்பார்.

ஆள்பெட்டி எல்லார் கைக்கும் எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே அது உடனே பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் காப்பிக்குப் பதிலாக ஐஸ் மோர் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்ததும் பல் தந்தியடித்தால் சம்பந்தம். ‘ரொம்ப நல்லாருக்குங்க, இன்னொரு டம்ளர்’ என்றுவிட்டால் ஜாதகம் பொருந்தவில்லை. மேலதிகாரி நடுங்குகிற அலுவலகத்தில் மின்விசிறிகளைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். கீழே இருந்தவர்கள் கோப்பின்மேல் வேர்வை சொட்டாமல் கையெழுத்து வாங்கப் பழகினார்கள். திருகுக்கு வழியில்லாதவர்கள் அதிர்வி வாங்கிக்கொண்டார்கள். தீப்பெட்டி அளவு கருவி. பனியனுக்குள் ஒட்டிக்கொண்டால் ஆளைக் கிடுகிடுவென்று உலுக்கும். அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், மேலே கம்பளி, உள்ளே ஆறாக வேர்வை என்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மயக்கம் தெளிந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, விழும்போது நடுங்கிக்கொண்டிருந்தேனா என்பதுதான்.

இப்பேர்ப்பட்ட அர்த்தநாரி அன்று காலை ஒரு சாமியிடம் உத்தரவு கேட்கக் காரில் போய்க்கொண்டிருந்தார்.

கரட்டு முனியப்பன் கோயில் பொங்கல் அன்று. கரடு என்கிற அந்தப் பாறைக்குன்றைச் சுற்றியுள்ள ஊர்கள் முழுக்கச் செம்மறி வளர்ப்பவர்கள். அவர்களிடம் ஒரு கட்டு உண்டு: புதிதாக ஓர் ஆட்டினம் வந்தால், அதில் ஒரு கிடாயை முனியப்பன் முன்னால் நிறுத்தி உத்தரவு கேட்காமல் ஒருவரும் பட்டியில் சேர்ப்பதில்லை, கறி தின்பதும் இல்லை. முனியப்பன் சரி என்றால் அத்தனை ஊர்களும் அர்த்தநாரியின் குட்டிகளை வாங்கிக்கொள்ளும். அதைக் காட்டி, மாநிலம் முழுவதற்கும் அந்த இனத்தையே கட்டாயமாக்கிவிடுவதாகச் சுரப்பு நல ஆணையர் பூவராகன் வாக்குக் கொடுத்திருந்தார். முனியப்பன் வேண்டாம் என்றால் அர்த்தநாரி தொலைந்தார். அவருடைய கொட்டகைகள் நிறைய ஆடுகள் நின்றன. நிற்கிற வரைக்கும்தான் அவை ஆடு. வளர்ச்சியை நிறுத்தத் திருகில் வழி வைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் கால் தாங்காமல் படுத்துவிடும். படுத்தபின் அதைச் சந்தைக்கு ஓட்ட முடியாது, உருட்டத்தான் முடியும்.

காரில் சூடாக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்நிலா, ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு கரைந்துகொண்டிருந்தாள். நிறுவனத்தின் தலைமை மரபணுவாளர் அவள்.

“சார், ஒரு விஷயம்.”

“சம்பளமா?”

“கிடாய் சார். அது சிலுப்பாதுங்க.”

“எது?”

“மஞ்சத்தண்ணி ஊத்தினதும் கிடாய் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறோணும். அதுதானே சாமி உத்தரவு? உதறாத கிடாயை வெட்டவும் மாட்டாங்க, அந்த எனத்தைப் பட்டியில சேக்கவும் மாட்டாங்க.”

“எனக்கே பாடமா? நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். தண்ணி பட்டா எந்த ஆடும் உதறும்.”

“எந்த ஆடும் உதறும் சார். நம்ம ஆடு உதறாது. தோலுக்குக் குளிர் தெரிஞ்சாத்தானே உதறும்? அதைத்தானே நாம புடுங்கிட்டோம்.”

அர்த்தநாரி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?”

“சோதனை முடிஞ்ச அன்னைக்கே சொன்னேன் சார். நீங்கதான் கைதட்டி, அதையே விளம்பரமாப் போடச் சொன்னீங்க.”

சாலையோரத்துப் பலகை ஒன்று அப்போது பார்த்துக் கடந்துபோயிற்று. சிரிக்கும் ஆடு, அதன் கீழே, ‘நடுங்கி வீணாக்காது! தின்றதெல்லாம் கறி!’ வாசகம் அர்த்தநாரியின் சொந்தச் சரக்கு. அதற்காக அவருக்கு அவரே ஒரு பாராட்டு விழா எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அதை வலப்பக்கம் திருகிவிட முடியாதா?”

“திருகினா, வேலை செய்யறதுக்கு ஒரு மாசம் ஆகும் சார்.”

“சரி விடு. முனியப்பன் என்ன அறிவியல் கழகமா? பூசாரியைப் பார்த்துப் பேசிக்கலாம்.”

பூசாரி காளியண்ணனுக்கு நல்ல உடம்பு, நல்ல குரல்; தன் குரலைத் தானே கேட்டு மெச்சிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. கோயில் மைதானத்தின் ஓரமாக அர்த்தநாரி அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினார். பட்டு வேட்டி கைமாறியது. கோயிலுக்கு மண்டபம் கட்டித்தரும் யோசனையும் கைமாறியது. இரண்டையும் காளியண்ணன் மறுக்கவில்லை.

“பண்ணிப்போடலாமுங்க,” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. உதறவேண்டியது நானா இருந்தா, நீங்க சொன்ன நேரத்துக்கு உதறிப்போடுவேன். உதறவேண்டியது கெடாயில்லீங்களா? இத்தனை சனமும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்குது. நான் உதறுச்சுன்னா, இல்லைன்னு சொல்றதுக்கு ஆயிரம் வாயி இருக்குதுங்க.”

“அப்ப மண்டபம்?”

“அது சாமிக்குத்தானுங்களே. அதையும் இதையும் போட்டுக் கொழப்பாதீங்க.”

கிடாய்க்குச் சக்கரவர்த்தி என்று நிறுவனத்தில் பெயர் வைத்திருந்தார்கள். சரக்கு வண்டியிலிருந்து பலகை சாய்த்து அதை இறக்கினார்கள். இறங்குவதற்கே நாலு பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. பிறந்தது முதல் மேய்ப்பி இயந்திரம் வாயருகே கொண்டுவந்து ஊட்டிய தீனியைத் தவிர வேறு உலகம் அறியாத பிராணி. கழுத்து என்று ஒன்று தனியாக இல்லை. தலை நேரே முதுகில் போய் முடிந்தது. அதன் கண்களில் ஒரு திருப்தி இருந்தது. நிறைய விருந்துகளுக்குத் தலைமை தாங்கியவர்களின் கண்ணில்தான் அந்தத் திருப்தியைப் பார்க்க முடியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயிலாத்தாள் வந்தாள். கரட்டு ஊர்களுக்கெல்லாம் கறிக்கடை அவளுடையதுதான். கிடாய் வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

“என்னடா இது, எலும்பு எங்கீடா இருக்குது? மெத்தையைக் கொண்டாந்து கெடான்னு நிறுத்தியிருக்கறாங்க!”

“அம்மா, அது எல்லாம் கறி,” என்றார் அர்த்தநாரி பெருந்தன்மையோடு.

மயிலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கம்பளிக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடுகிற பார்வை. “நீங்க சொன்னாச் சரிங்க,” என்றாள்.

விருந்தினர் மேடையில் கணப்பு மூட்டியிருந்தார்கள். நெருப்பைச் சுற்றி மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் சால்வைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக ஆணையர் பூவராகன். ஜனங்கள் வெயிலில் நின்றுகொண்டு, அந்த நடுக்கத்தை வாய்பிளந்து பார்த்தார்கள். ஆணையர் பேச எழுந்தார்.

“ம-ம-மக்களே, இ-இது ஒரு பொ-பொன்னாள்...”

பேச்சைவிட நடுக்கத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். அர்த்தநாரியும் தட்டினார். தேன்நிலா மட்டும் தட்டவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சார், அவருக்கு நடுக்கம் தாளம் தப்பாம வருது பாத்தீங்களா?”

“அதனால?”

“நெஜ நடுக்கம் அப்படி வராது சார். ஏறும், இறங்கும், நின்னு நின்னு வரும். இது ஒரே சீரா இருக்கு. பேட்டரி.”

அர்த்தநாரி உற்றுப் பார்த்தார். சால்வைக்குக் கீழே, இடது விலாப்பக்கம், ஏதோ ஒன்று கிர்ரென்று துடித்துக்கொண்டிருந்தது. மாநிலத்தின் திருகுக் கொள்கையை வகுத்தவர், திருகுக்குத் துணியாமல் கடை அதிர்வியை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! வேறொரு நாளாக இருந்தால் அர்த்தநாரிக்கு இந்த வம்பு ஒரு வருஷத்துக்குப் போதும். இன்று வேறு யோசனை வந்தது. பேச்சு முடிந்ததும் ஆணையரின் காதருகே குனிந்தார்.

“ஐயா, உங்க அதிர்வி ஒரு அவசரத்துக்கு வேணும்.”

“எந்த அதிர்வி? என்னய்யா உளறுறீர்!” என்று ஆணையர் திக்காமல் கேட்டார்.

“கிடாய்க்கு ஐயா. அது உதறலைன்னா என் பொழைப்பு போச்சு. உங்க அறிவிப்பும் போச்சு.”

ஆணையர் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு சால்வைக்குள் கையை விட்டு, தோலோடு பிய்த்த சத்தம் கேட்க, அதை எடுத்து அர்த்தநாரியின் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கணமே நடுக்கம் நின்று, கல்லுப்பிள்ளையார் ஆகிப்போனார். “குளிர் கொஞ்சம் விட்டிருக்கு,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டத் தொடங்கியது.

வேப்பிலை மாலையைச் சரிசெய்கிற சாக்கில் தேன்நிலா கிடாயின் வயிற்றடியில் அதிர்வியைச் செருகினாள்.

உருமி முழங்கிற்று. காளியண்ணன் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, முனியப்பனைப் பெயர் சொல்லி அழைத்து, குறைவில்லாத குரலில் வேண்டுதலைப் பாடி, கிடாயின் தலையிலிருந்து வால்வரை ஊற்றினார். மேளம் சட்டென்று நின்றது. சனம் மூச்சை அடக்கியது.

தேன்நிலா கைக்குள் இருந்த விசையை அழுத்தினாள்.

கிடாயின் வயிறு ஆடியது. அது உண்மை. ஆனால் வயிறு மட்டும் ஆடியது; குளத்தில் கல் விழுந்தாற்போல் கொழுப்பில் வட்டம் வட்டமாக அலை கிளம்பி, முதுகுவரை போய், அங்கேயே அமுங்கிற்று. தலை அசையவில்லை, காது அசையவில்லை. சக்கரவர்த்திக்கு அது சுகமாக இருந்திருக்க வேண்டும். முன்னங்காலை மடக்கி, பின்னங்காலையும் மடக்கி, நனைந்த தரையில் படுத்து, கண்ணை மூடி அசைபோட ஆரம்பித்தது.

“தொப்பை ஆடுது சாமி, கெடா ஆடலை!” என்று ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இரண்டாவது குடம், மூன்றாவது குடம். சக்கரவர்த்தி மஞ்சள் குளித்து மங்களகரமாகத் தூங்கிற்று. சிரிப்பு அடங்கி முணுமுணுப்பு ஆரம்பித்தது. முணுமுணுப்புத்தான் அர்த்தநாரிக்குப் பயம். சிரிக்கிறவன் நாளைக்கு வாங்கிவிடுவான்.

காளியண்ணன் கையை உயர்த்தினார். “சாமி ஏதோ கொறை வெச்சிருக்குது. கெடாய்க்கு ஒடமைக்காரரு முன்னால வரோணும். கவுத்தைப் புடிச்சுக்கிட்டு, ‘கொறை இருந்தாப் பொறுத்துக்கோ’ன்னு சொல்லோணும். அப்பத்தான் சிலுப்பும்.”

அர்த்தநாரி விடுவிடென்று மேடையிலிருந்து இறங்கினார். காளியண்ணன் அவரைத் தடுத்தார்.

“மேலுக்கு இருக்கறதைக் கழட்டிப்போடுங்க.”

“எதை?”

“கோட்டு, கம்பளி, குல்லாயி எல்லாத்தையுந்தானுங்க. சாமி முன்னால ஆம்பளைங்க வெத்து ஒடம்போடதான் நிக்கோணும். கம்பளி போத்திக்கிட்டு நின்னா, ‘உன்ற ஊருல எனக்குச் சூடு பத்தலை’ன்னு சாமியைக் கொறை சொல்றாப்பல ஆயிருமுங்க.”

அர்த்தநாரி மேடையைப் பார்த்தார். ஆணையர் வேறு பக்கம் பார்த்தார். கொட்டகைகளில் நின்றுகொண்டிருக்கும், நாளைக்கு நிற்காமல் போகப்போகும் ஆடுகள் அவர் கண்ணுக்குள் வந்தன. கழற்றினார். குல்லாய், கழுத்துத் துண்டு, கோட்டு, கம்பளிச் சட்டை, அதற்கும் உள்ளே இருந்த இன்னொரு கம்பளிச் சட்டை. கழற்றக் கழற்ற ஆள் சிறுத்துக்கொண்டே போனார். கடைசியில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்போல் ஒரு மனிதர் வெயிலில் நின்றார். ‘இதுக்குத்தானா இத்தனை நாளாக் கும்பிட்டோம்?’ என்று யாரோ ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

“ஊத்துங்க, சீக்கிரம்,” என்றார் அர்த்தநாரி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. “குறை இருந்தாப் பொறுத்துக்கோ.”

காளியண்ணன் இந்தத் தடவை சிக்கனம் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீர். குடத்தை முழு வீச்சில் வீசினார். பாதி கிடாய்மேல் விழுந்தது. பாதி தெறித்து, கயிற்றைப் பிடித்திருந்தவர் தலையில் விழுந்தது.

சக்கரவர்த்தி ஒரு கண்ணைத் திறந்து மூடிற்று.

அர்த்தநாரி உதறினார்.

முதலில் தலை. ஈரம் தெறிக்கத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அடுத்துத் தோள், அப்புறம் இடுப்பு. அது முழங்கால்வரை இறங்கி, மறுபடி மேலே ஏறிற்று. நின்றதா என்று பார்ப்பதற்குள் இரண்டாம் உதறல். தொண்டையிலிருந்து ‘ம்ப்ப்ர்ர்’ என்று ஒரு சத்தம் அவரை அறியாமல் கிளம்பிற்று. பிறகு மூன்றாவது. அந்தச் சுற்று வட்டாரத்தில் இவ்வளவு சுத்தமாக, தலை முதல் கால்வரை, மூன்று தடவை சிலுப்பியதை எந்தக் கிடாயிடமும் யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழுந்தது. உருமியும் தப்பட்டையும் தன்னால் சேர்ந்துகொண்டன.

“உத்தரவு ஆயிருச்சு!” என்று கத்தினார் காளியண்ணன், தன் குரலையும் மிஞ்சி.

அரிவாளோடு நின்றவர் கிடாயைப் பார்த்தார், அர்த்தநாரியைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். வேடிக்கைக்குத்தான் பார்த்தேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். அர்த்தநாரிக்கு அப்போது அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

“யோவ், எனக்குக் குளிருதுய்யா! இது உத்தரவு இல்லை, சுரப்பு! கழுத்துச் சுரப்பி அனுப்புற சேதி! தண்ணி பட்டா உடம்பு உதறும், அவ்வளவுதான். இதுல சாமி எங்கிருந்து வந்தாரு?”

“கெடாய்க்கும் அப்படித்தானுங்க குளுரும்,” என்றார் காளியண்ணன் சமாதானமாக. “அது எதனால உதறுதுன்னு நாங்க என்னைக்குங்க கேட்டிருக்கறோம்? தண்ணி ஊத்தறோம், உதறுனா உத்தரவு. அதான் கட்டு.”

“நான் மனுசன்!”

“அதான் பாருங்க, எங்களுக்கே கொழப்பமா இருக்குது.”

பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். பேச்சு நீளவில்லை, கட்டில் இதற்கும் வழி இருந்தது. சாமி ஏற்றுக்கொண்டு, ஆனால் வெட்டக்கூடாத பிராணியாக இருந்தால், சினையாடு சிலுப்பிவிட்டால் செய்வதுபோல, அதை நேர்ந்து விட்டுவிட வேண்டியது. அதன்பின் அது முனியப்பனுடையது. யாரும் அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. எந்தக் காட்டிலும் மேயலாம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தின்னக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, அதோடு ஒருவரும் வியாபாரம் பேசக் கூடாது. சாமி சொத்துக்கு விலை சொல்வதும் பாவம், கேட்பதும் பாவம்.

“அப்ப என் குட்டிங்க?” என்றார் அர்த்தநாரி. “கொட்டகையில நிக்கிற ஆடுங்க?”

“உங்க கெடாயைச் சாமி வேண்டாம்னிருச்சுங்க. உங்களை வேணும்னிருச்சு. அந்த ஆட்டைப் பத்திப் பேசறதுன்னா உங்ககிட்டத்தான் பேசோணும். உங்ககிட்டப் பேசக் கூடாதுங்களே.” காளியண்ணன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “மண்டபத்தைக்கூட இனி உங்ககிட்ட வாங்க முடியாது பாருங்க.”

அர்த்தநாரி மேடையை நோக்கி ஓடினார். “ஐயா, நீங்களாவது சொல்லுங்க!”

அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. உத்தரவுச் சந்தோஷத்தில் இளவட்டங்கள் மிச்சக் குடங்களைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிவிட்டார்கள். கணப்பு அணைந்தது. நிஜமாகவே திருகிக்கொண்ட பெரிய மனிதர்கள் சால்வையைப் போட்டுவிட்டுக் காருக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆணையர் பூவராகன் மட்டும் ஓடவில்லை. ஒரு குடத்துத் தண்ணீர் முழுசாக அவர் தலையில் விழுந்தது. காலையிலிருந்து கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர். முகத்தில் அப்படியொரு ஆனந்தம் பரவ, “ஆஹா,” என்றார். ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை.

“ஐயா சிலுப்பலை,” என்று கூட்டம் அவருக்கு மரியாதையாக வழிவிட்டது.

“நான் ஆரம்பத்திலிருந்தே இந்த நடுக்கத்துக்கு எதிரி,” என்றார் ஆணையர், ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெளிவான உரத்த குரலில். “உறுதியாக நிற்பவனே தலைவன். இனி அரசு விழாக்களில் நடுங்குபவர்களுக்கு இடமில்லை.” கைதட்டல் கரட்டில் மோதித் திரும்பியது. இந்த அறிவிப்பு மாலைக்குள் ஊர் ஊராகப் போய்விடும் என்பது அர்த்தநாரிக்குத் தெரியும். நாளைக் காலையில் அத்தனை வீட்டிலும் கம்பளிகள் பரணுக்கு ஏறும். திருகிக்கொண்டவர்கள் நடுக்கத்தை மறைக்க வழி தேடுவார்கள். கடையில் அசையாமல் இருப்பதற்கும் ஒரு கருவி வந்துவிடும். அதை அவரே விற்றிருப்பார், யாராவது அவரோடு வியாபாரம் பேசினால்.

தேன்நிலாவைத் தேடினார். அவள் பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீயாவது வா. கொட்டகைக்குப் போய் ஏதாவது செய்யணும்.”

“சம்பளத்தைப் பத்தியும் பேசக்கூடாதாம் சார்,” என்றாள் அவள். “கேட்டுட்டேன்.”

அவர் கழற்றிப்போட்ட கோட்டைக் காணோம். யாரோ எடுத்து, நனைந்து கிடந்த சக்கரவர்த்திக்குப் போர்த்தியிருந்தார்கள். அதற்குக் குளிர் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தார், யாருக்கும் கேட்கவில்லை. கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. ஒரு கிழவர் அதில் சின்ன வெண்கல மணி ஒன்றைக் கட்டினார், தொலைந்துபோனால் கண்டுபிடிக்க. ஒரு பெண் வாழைப்பழத்தை உரித்து வாயருகே நீட்டினாள்.

மயிலாத்தாள் கைகூப்பிவிட்டு அருகே வந்தாள். பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை. அவருடைய இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“ஒண்ணுந் தேறாது, வெறும் எலும்பு,” என்றாள். “போச்சாது, விடுங்க. இன்னும் ஒரு வருசம் மேயட்டும்.”

ஆத்திரத்தில் அர்த்தநாரிக்கு உடம்பெல்லாம் நடுங்கிற்று. மணி கலகலவென்று ஒலித்தது. கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டது.